நாகியின் தொட்டியில் முளைத்த செடி

அன்புள்ள அம்மாவுக்கு,

மினோரி எழுதுவது. அப்பா, தம்பி நாகி, நான் மூவரும் நலம். சப்போரோவில் குளிர் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது, துணி எதுவும் காய்வதில்லை. போனில் சொன்னால் அப்பா காதில் விழும், உடனே பள்ளிக்குப் பேசிவிடுவார். அதனால்தான் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒன்றாம் வகுப்பில் எல்லோருக்கும் தொட்டி கொடுத்து அசகாவோ பூக்கொடி விதை போடச் சொல்வார்கள் அல்லவா, நாகியும் போட்டான். ஆனால் அவனுக்குப் பொறுக்கவில்லை. தினமும் விரலால் தோண்டி, "முழிச்சுட்டியா?" என்று விதையைக் கேட்டுவிட்டு மூடுவான். சின்னவர்களுக்குத் தண்ணீர் ஊற்ற உதவுவது எங்கள் ஆறாம் வகுப்பின் வேலை, நானே அவன் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். கடைசியில் எல்லார் தொட்டியிலும் இலை வந்தது, இவன் விதை மட்டும் அழுகிவிட்டது. அழவில்லை அம்மா, "நான் பாத்ததாலயா செத்துச்சு?" என்றுதான் கேட்டான்.

மறுநாள் மாலை அவன் வகுப்பு ஓனிஷி டீச்சர் அந்தத் தொட்டியில் ஒரு நாற்றை நடுவதைப் பார்த்துவிட்டேன். எந்தப் பிள்ளையின் தொட்டியும் காலியாக இருக்கக் கூடாதென்று டீச்சர்கள் தனியாக நாற்று வளர்த்து வைப்பார்களாம். "பாவம், புள்ள மனசு ஒடஞ்சுடும். நமக்குள்ளயே இருக்கட்டும் மினோரி" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். நல்லவர்தான், அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

நாகியோ பார்த்ததுமே "இது என்னோடது இல்ல" என்றுவிட்டான். "போடா புளுகா, தொட்டியில உன் பேரு இருக்கு பாரு" என்று வகுப்பே சிரித்ததாம். செடியை வரையச் சொன்னதற்கு வெறும் மண்ணை வரைந்திருக்கிறான். நாளை பெற்றோர் வகுப்பைப் பார்க்க வரும் நாள், ஒவ்வொருவரும் தன் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று படுக்கும்போது, "நான்தான் தப்பா பாத்துட்டேன் போலக்கா. என் செடின்னே சொல்லிடறேன்" என்றான். டீச்சரை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைக்க முடியாது, இவன் தன் கண்ணையே நம்பாமல் போவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அதனால் சற்று முன்பு அவனை எழுப்பி, நீ பார்த்தது சரி என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வான் என்று பயந்தேன். அவன் எழுந்து உட்கார்ந்து, "அப்ப அந்தச் செடி யாரோடது? அதுக்கு வீடு இல்லையா?" என்று கேட்டான். பிறகு அவனே, "ரெண்டு கிண்ணத்துல வெதை போடுவோம்க்கா. ஒண்ண தெனமும் தோண்டுவேன், ஒண்ணத் தொடவே மாட்டேன். நான் பாத்ததாலயான்னு தெரிஞ்சுடும்ல" என்றான். புட்டிங் சாப்பிட்ட கிண்ணங்கள் இரண்டைக் கழுவி வைத்திருக்கிறோம்.

காலையில் வகுப்பு தொடங்குவதற்கு முன் இருவரும் அவற்றை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போகிறோம். அவன் விதை கேட்பான். வாக்கைக் காப்பாற்றவில்லை என்று நான் சொல்ல வேண்டும். போர்வைக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். திட்டுவதென்றால் என்னை மட்டும் திட்டு. மழையில் நனையாதே, இருமல் மருந்தை மறக்காதே.

உன் அன்பு மகள்,
மினோரி

நாகி மறுபடி தூங்கவேயில்லை. வெளிச்சம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.