பத்துக்கு இரண்டு

ஜார்ஜ்டவுன், பினாங்கு
வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள வனேசாவுக்கு,

ஜெகதீஸ்வரி எழுதுவது. ஜொகூரில் அறை கிடைத்துவிட்டதா? திங்கட்கிழமை நீ வேலையில் சேரும் முன் இதைப் படித்துவிட வேண்டும். போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் மருத்துவமனை கேண்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன், படமெடுத்து அனுப்புவேன்.

என் வார்டில் நல்லமுத்து அங்கிள் என்று ஒருவர். ஜுருவில் கார் பட்டறை வைத்திருக்கிறார், வயிற்று வலியோடு நேற்று சேர்ந்தார். இன்று காலை, நாம் நர்சிங் கல்லூரியில் படித்தபடியே, வலிக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டேன். யோசித்து, "ரெண்டு குடுக்கலாம்மா" என்றார். அப்படியே எழுதினேன். அதைப் பார்த்த டாக்டர், ஸ்கேன் மாலையில் எடுத்தால் போதும் என்று சொல்லிப் போய்விட்டார்.

சட்டை மாற்றிவிடப் போனபோதுதான் கவனித்தேன். மடக்கிய காலை அவரால் நீட்ட முடியவில்லை. கட்டிலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ரெண்டுதானே சொன்னீங்க அங்கிள் என்றேன். "பத்துக்கு ரெண்டு எடுத்தா பெயில்தானேம்மா? அதுக்குக் கீழ எப்படிப் போடறது, நீயே சொல்லு" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அவர் தன் உடம்புக்கு மார்க் போட்டிருக்கிறார், வனேசா, குறைந்தால் மோசம் என்று. கல்லூரியில் நோயாளியாக நடித்தவர்களுக்குக்கூடப் பத்து என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.

வார்டு பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் சபூராவிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. டாக்டரை அழைத்து, போனை என் கையில் வைத்து, "அவாக் சாக்காப் லா, நீயே பேசு" என்றார். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே எனக்குக் குரல் வராது, உனக்குத் தெரியும். நான் கேட்ட விதம் தப்பு, அவருக்கு வலி மிக அதிகம் என்றேன். உடனே ஸ்கேனுக்கு அனுப்பச் சொன்னார்.

அப்பெண்டிக்ஸ் வெடித்துவிட்டதாம். இன்னும் ஆபரேஷன் முடியவில்லை.

அவர் மனைவி தனலெட்சுமி ஆன்ட்டி, நல்லவேளை நீ பார்த்தாய் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் குடிக்கச் சூடாக மைலோ வாங்கித் தந்திருக்கிறார். இரண்டு என்று எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. ஆன்ட்டியிடம் அதைச் சொல்லப் போகும்போது சபூராவும் என்னோடு வருவதாகச் சொல்கிறார். ஆனால் வாய் திறக்க வேண்டியது நான்தான். மைலோ ஆறிவிட்டது.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் அப்பா எல்லோரிடமும் மகள் நர்ஸ் என்று சொல்லி வைத்திருக்கிறார். வீட்டுக்கு இப்போது எதுவும் சொல்லிவிடாதே.

நீ கேட்கும்போது, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி என்று முதலில் சொல்லிவிட்டுக் கேள்.

நான் கோயிலுக்குப் போகிறவள்தான். இருந்தாலும் இன்று உன் மாதாவிடம் அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. ஆன்ட்டிக்காக ஒன்று. இன்னொன்றும் ஏற்ற முடிந்தால் ஏற்று, பெயர் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
ஜெகா