ஆடி கழியட்டும்

கல்வராயன்மலை
10.7.2025

அன்பு மகள் மகேசுக்கு அம்மா எழுதறது. நானும் உன் பாப்பாவும் இருக்கோம். நீ மில்லு நைட் ஷிப்டுல கண்ணு வீங்கிக் கிடப்பேன்னு தெரியும். செல்லுல டவர் நிக்க மாட்டேங்குது, அதான் கடுதாசி.

சர்க்கார் வூடு முடிஞ்சுது. பூச்சு ஆச்சு, கதவு மாட்டியாச்சு. ஓவர்சியர் போட்டோ புடிச்சிக்கினு போயிட்டாரு. வூடு உன் பேருலதான். ஆனா வர்றவங்க "பழனியம்மா வூடா இது"ன்னுதான் கேக்கறாங்க. நம்ம வகையறாவுல இதுதான் முதல் காங்கிரீட்டு வூடு.

அடுத்த வாரம் ஆடி பொறக்குது. ஆடியில குடி போகக் கூடாது. ஊர்க்கவுண்டர் ஆவணியில நாள் குறிச்சிருக்காரு. லீவு கேட்டு வா. அதுவரைக்கும் பூட்டி வச்சிருக்கேன். சாமை மூட்டையை மட்டும் உள்ள ஏத்திட்டேன். மனுசருக்கு முன்ன தானியம் போனா நல்லது.

பாப்பா அஞ்சாவதுல நல்லா படிக்கிறா. நான் நின்ன வகுப்பு. அவ தாண்டிடுவா. கொஞ்சம் இருமல். கசாயம் குடுக்கறேன்.

உன் அம்மா
பழனியம்மாள்

திருப்பூர்
19.7.2025

அம்மாவுக்கு,

வூடு முடிஞ்ச சேதி படிச்சு ரூம்ல எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் குடுத்தேன்.

பால் எப்ப வேணா காய்ச்சிக்கலாம். பாப்பா எழில்மதியை இன்னிக்கே புது வூட்டுல படுக்க வை. பழைய கூரை வூட்டு ஈரமும் அடுப்புப் புகையும் அவளுக்கு ஆவாது. போன மழையில நெஞ்சு இழுத்து பாதி நாள் பள்ளிக்கூடம் போகல. வூட்டுக்கு நான் எழுதிப் போட்டதே அவளுக்காகத்தான். ஆடி வந்து கேட்டா என்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கறேன்.

வூடு என் பேருல இருக்கு. சாவி உன் இடுப்புல இருக்கு. தெற.

மகேஸ்வரி

கல்வராயன்மலை
28.7.2025

மகேசு,

நாலு எழுத்து படிச்ச பேச்சு பேசாத. பக்கத்து வூட்டுக் காத்தான் ஆடியிலதான் குடி போனான். அந்த வருசமே அந்த வூட்டுல சாவு விழுந்தது உனக்கே தெரியும். நான் கட்டி எழுப்பின வூட்டுல அப்படி ஆக வுட மாட்டேன்.

மழை ஜாஸ்தி. பாயை நகத்தி நகத்திப் போட்டுக்கினு படுக்கறோம். பாப்பா பகல்ல புது வூட்டு வாசப்படியில உக்காந்து எழுதுவா. "ஆயா, கதவு மட்டும் தெற, உள்ள பாத்துக்கினு எழுதறேன்"னா. தெறந்து காட்டினேன்.

வாத்தியாரு வந்து பாப்பா ஏன் பள்ளிக்கூடம் வரலைன்னு கேட்டாரு. இருமல்னேன். புது வூட்டைப் பாத்து நல்லா இருக்குன்னாரு.

ஆடி கழியட்டும்.

அம்மா

திருப்பூர்
16.8.2025

அம்மாவுக்கு,

எழில்மதி தேறிட்டா. மூச்சு இப்ப இழுக்கல. மில்லு பக்கத்துல ரூம் எடுத்து அவளை என்கூட வச்சிருக்கேன்.

நெஞ்சு இழுத்து சேத்த அன்னிக்கு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில அவ மூஞ்சியில ஆக்சிஜன் மாஸ்க் இருக்கும்போது, "ஆவணிக்கு இன்னும் பத்து நாளுதான்"னு நர்ஸுகிட்ட நீ சொல்லிக்கினு இருந்த. நான் பின்னாடிதான் நின்னேன்.

சாமை நனையல. என் பிள்ளை நனைஞ்சா. அவ அப்பா எங்களை வுட்டுட்டுப் போனப்பகூட, நீ பாத்துக் கட்டி வச்ச மாப்பிள்ளைன்னு நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லல. இப்பவும் இதுக்கு மேல சொல்லல.

இங்க ஸ்கூல்ல கேட்டுட்டேன். டிசி வாங்கி கந்தசாமி அண்ணன் ஜீப்புல குடுத்தனுப்பு. ஆவணிக்கு நாங்க வரல.

மகேஸ்வரி

கல்வராயன்மலை
2.9.2025

மகள் மகேசுக்கு,

ஞாயித்துக்கெழம பால் காய்ச்சியாச்சு. நல்லா பொங்குச்சு. ஊர்க்கவுண்டர் வந்தாரு, நம்ம வகையறா எல்லாம் வந்தாங்க. பாப்பா எங்கன்னு கேட்டவங்களுக்கு, படிக்கப் போயிருக்கான்னு சொன்னேன். யாரும் மேல கேக்கல.

டிசி இதோட வச்சிருக்கேன். வாத்தியாரு காரணம் இன்னான்னு எழுதறதுன்னு கேட்டாரு. வூடு வசதி இல்லைன்னு போடட்டுமான்னாரு. எங்களுக்கு காங்கிரீட்டு வூடு இருக்குன்னேன். அம்மாகிட்ட போறான்னு எழுதிக்கினாரு.

பாப்பாவோட சட்டை ரெண்டு துவைச்சு அனுப்பியிருக்கேன்.

நேத்து நல்ல மழை. புது வூட்டுக்குள்ள ஒரு சொட்டு இறங்கல.

பழனியம்மாள்