அடைத்துக்கொண்ட ஆட்டு நீர்ப்பை

என் உயிர்த் தோழனும் பெரும் புளுகனுமான தாணுவுக்கு,

முதலில் ஓர் அறிவிப்பு. ஐந்தாம் ஃபாரம் மாணவனாகிய எனக்கு மீசை பிறந்திருக்கிறது. வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் வந்ததும் தனியே தெரிவிக்கப்படும்.

சிரிக்காதே. உன்மேல் கோபமாக இருக்கிறேன். நீ செத்ததற்காக இல்லை; அதற்கு முன் செய்ததற்காக.

ஆட்டின் சிறுநீர்ப்பையில் முட்டை வெள்ளையை வடிகட்டிப் பார்ப்போம் என்றது யார்? நீ. சைவ வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், வடசேரியில் இறைச்சிக்கடை முன்னால் குடைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு நின்றோமே! உங்கள் வைக்கோல் படப்புக்குப் பின்னால் பையைக் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீரில் கலக்கிய வெள்ளையை ஊற்றினோம். முதலில் தெளிந்த நீர் சொட்டியது. பிறகு மெதுவாக. பிறகு நின்றே போனது. நான் பிழிந்தேன், பிழியப் பிழிய இன்னும் அடைத்துக்கொண்டது. திருப்பிப் பார்த்தால், உட்புறமெல்லாம் வழவழவென்று வெள்ளைப் படலம்.

"கழுவினா பழையபடி வடியுமாலே?" என்று கேட்டாய்.

"எதுக்குலே மெனக்கெடணும்? தூர எறி. ஊர்ல வேற ஆடா இல்ல?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. உன் முகம் வீங்கியிருந்தது. "என்னலே, பணியாரம் மாதிரி உப்பியிருக்கே, மிச்ச முட்டைய முழுங்கிட்டியா?" என்றேன். அதற்குச் சிரித்தாய். ராத்திரி தூங்கவில்லை, அதுதான் வீக்கம் என்றாய். வடிகட்டின பொய்!

உன் பதினாறாம் நாள் முடிந்த பிறகுதான் உன் அண்ணன் சொன்னார். நாம் பை வாங்கப் போவதற்கு முன்பே, நாகர்கோவில் டாக்டர் உன் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்த்தாராம். முட்டை வெள்ளை போலத் திரண்டதாம். சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் சவ்வு கெட்டுப்போயிற்று என்றாராம்.

"உங்கிட்ட மட்டும் சொல்லாண்டாம்ணு சத்தியம் வாங்கிட்டான் மக்கா. தெரிஞ்சா கேலி பண்ணுகத நிறுத்திருவாண்ணு சொன்னான்."

அப்படியானால் அன்றைக்கு நீ கேட்டது ஆட்டுப்பையைப் பற்றியா, தாணு? நான் சொன்ன பதிலை வாங்கிக்கொண்டு எப்படி வீட்டுக்குப் போனாய்? எல்லாவற்றையும் என்னிடம் சொன்னவன், இதை மட்டும் மறைத்து, என்னையே உன்மேல் கல்லெறிய வைத்துவிட்டாயே. இது துரோகமில்லையா?

நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பெஞ்சில் உன் இடத்துக்கு நாலு பேர் போட்டி.

ஒரு சத்தியம் செய்கிறேன். இனி எவன் எதைக் கேட்டாலும், கேலி வாயில் வருவதற்கு முன் அவன் முகத்தைப் பார்ப்பேன்.

அப்புறம்... அந்தப் போட்டி சும்மா சொன்னது. யாரும் உட்காராதபடி உன் இடத்தில் என் புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கிறேன். நேற்று சார், "குற்றாலம், புத்தகத்தை எடு" என்றார். முடியாது என்று வீறாப்பாக எழுந்து நின்றேன். வகுப்பே பார்க்க, மூக்கொழுக அழுதுவிட்டேன்.

உன் அம்மை பெறாத தம்பி,
குற்றாலம்