வலது கன்னத்துப் புள்ளி

தாராவி
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் அன்பான மகன் ஜாபெஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், மஸ்கட்டில் உன்னைக் கர்த்தர் சுகமாய் வைத்திருக்க வேண்டும். போன் இருக்கக் கடுதாசி எதற்கு என்று கேட்பாய். ஒரே அறை வீட்டில் போனில் பேசினால் கட்டிலில் கிடக்கிற அப்பாவுக்கு எல்லாம் கேட்கும், அதனால்தான். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், மெதுவாய் வாசி, வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

அப்பாவுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. வலது கன்னத்துச் சதையை எடுத்துவிட்டுத் தொடைத்தோலை வைத்திருக்கிறார்கள். கழுத்தில் இருந்த நெறிக்கட்டியையும் எடுத்து, புற்று அதுவரை பரவியிருக்கிறதா என்று டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், ரிப்போர்ட் அடுத்த வாரம். ஆபரேஷன் அன்றைக்கும் எனக்கு அழுகை வரவில்லை, இப்போதும் வரவில்லை. தண்ணீர் பிடிக்கிறேன், சோறு வடிக்கிறேன், கட்டு மாற்றுகிறேன், கை தானாகச் செய்கிறது. ஷைனி வடாலாவில் மாமியார் வீட்டிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து அழுகிறாள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரம்மா அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, டெம்போ ஓட்டுகிறவரா என்றுதான். இருபத்தாறு வருஷம் அம்பர்நாத்துக்குச் சரக்கு கொண்டுபோனதில் ஜன்னல் பக்கத்து வலது கையிலும் வலது கன்னத்திலும்தான் பழுப்புப் புள்ளிகள், இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. வயசுப்புள்ளி என்று நாம் சொன்னாலும் அது வயசால் மட்டும் வருவதில்லையாம், வருஷக்கணக்காய் விழுந்த வெயில்தானாம். தட்டையாக, ஒரே நிறமாக, மாறாமல் இருந்தால் அதனால் கெடுதல் இல்லையாம். வளர்ந்தாலோ, ஓரம் கலைந்தாலோ, ஒன்றிலேயே ரெண்டு நிறம் தெரிந்தாலோ, அரித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே காட்ட வேண்டுமாம். வீட்டில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையா என்று இந்தியில் கேட்டார். அப்பா முந்திக்கொண்டு "மேராயிச் கல்தி ஹை" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் அதையேதான் சொல்கிறார், "நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன், ஒம்மேல தப்பு ஒண்ணும் கெடையாது" என்று.

நான் பார்த்தேன் ஜாபெஸ். ஷைனியைப் பெண் பார்க்க வடாலாக்காரர்கள் வருவதற்கு முந்தின வாரமே அப்பா கன்னத்தில் ஒரு புள்ளி கறுத்து ஓரம் கலைந்திருந்தது, தலையணை உறையில் பொட்டு ரத்தம். உறையைத் துவைத்துப் போட்டுவிட்டேன். பெண்ணின் தகப்பனுக்குத் தோல்வியாதி என்று பேச்சு கிளம்பினால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயந்தேன். அவர்கள் வந்த அன்றும், பிறகு ஒவ்வொரு ஞாயிறு ஆராதனைக்கும் நானே அவர் கன்னத்தில் பவுடர் அப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். ஷேவ் பண்ணும்போது கீறியிருக்கும் என்று அவரையும் நம்ப வைத்தேன். கல்யாணம் முடிய எட்டு மாதம் ஆயிற்று, அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஷைனிக்கு இது தெரிய வேண்டாம், தன்னால் என்று நினைத்துக்கொள்வாள்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே நீ ஓட்டுகிற வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம், உன் இடது கையில் நாலு புள்ளி இருக்கிறது. முழுக்கைச் சட்டை போடு. கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் வெயிலின் கெடுதல் உள்ளே வருமாம், அதனால் முகத்திலும் கையிலும் சன்ஸ்க்ரீன் தடவு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மறுபடி தடவு. கடையில் விற்கிற வெள்ளையாக்கும் க்ரீம் எதையும் கேட்காமல் போடாதே, சிலது தோலையே கெடுத்துவிடுமாம். கடுதாசி கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை லீவில் டாக்டரிடம் கையைக் காட்டு.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அப்பாவிடம் சொல்லப்போகிறேன். போடாமல் கையில் வைத்திருந்தால் சொல்லாமலே இருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். உன் கைக்கு இது வரும்போது அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு என்னோடு பேசுவாரோ மாட்டாரோ, நீ போன் பண்ணி அவரிடமே பேசு.

கர்த்தர் உன்னைப் பத்திரமாய்ப் பார்த்துக்கொள்வார். டாக்டர் நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் எனக்கு அப்படியே சொல்லு. மறைக்கிற வேலையை இந்த வீட்டில் நான் ஒருத்தி செய்தது போதும்.

உன் அம்மா
ஏஞ்சலம்மாள்