கட்டிலுக்குக் கீழே நான்கு டயர்

மே 6, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் கொளுத்துகிறது. வண்டித் தகரத்தில் கை வைக்க முடியவில்லை.

இன்றைய வேலை: வண்டி கழுவ (பாதி). காஸ் சிலிண்டர் மாற்ற (இல்லை). டயர் பார்க்க.

பார்த்திருக்கவே வேண்டாம். ஆறு டயரிலும் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனியக்கூட இல்லை. "பட்டன் நல்லாத்தான் இருக்குது. வண்டி எங்க ஓடுது, நின்னுக்கினேதான இருக்குது. தேயாத டயர எவனாவது மாத்துவானா?" தரையில் பதியும் ரப்பர் கட்டைதான் பட்டன். அது இருந்தால் டயர் இருக்கிறது. இவர் சாஸ்திரம் அதோடு முடிந்தது.

பஞ்சர் கடைக்காரரை வரவழைத்தேன். டயர் ஓரத்தில் நான்கு எண்ணைத் தொட்டுக் காட்டினார். 3116. "முப்பத்தொண்ணாவது வாரம், பதினாறாம் வருஷம்கா. ஒம்போது வருஷம் ஆவப்போவுது. ரப்பர் செத்துப்போச்சி. இந்த வெயில்ல ஹைவேஸ்ல எடுத்துக்கினு போவாதீங்க." இத்தனை நாள் அது ஏதோ கம்பெனி நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு திருநெல்வேலி சவாரி. பிள்ளையார்பாளையம் ஏகாம்பரம் அண்ணா, தறிக்காரர். அவர் மனைவி தேவகி அக்காவுக்குப் பக்கவாதம், உட்கார முடியாது. மகளுக்கு அங்கே குழந்தை பிறந்து மூன்று மாதம். அக்கா இன்னும் பார்க்கவில்லை. படுத்துக்கொண்டே போக எனக்குத் தெரிந்து ஊரில் எங்கள் வண்டி ஒன்றுதான். பழைய மினி பஸ்ஸில் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் போட்டதால் 'வீட்டு வண்டி' என்றே பெயர் ஆகிவிட்டது.

கட்டில், பின் சக்கரங்களுக்கு நேர் மேலே.

மே 7, புதன்

இவர் கம்பெனி பஸ்ஸுக்கு ஆக்டிங் டிரைவராகப் போய்விட்டார். டயர் விலை கேட்க நானே.

சைஸ் ஏழரை பதினாறு. ஏழரை என்றாலே சனிதான் ஞாபகம் வருகிறது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவளைச் சனி என்ன செய்யும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

கடை 1, வெள்ளை கேட் பக்கம்: நைலான் 10,400. ரேடியல் 13,900. "அண்ணன் வரலியாக்கா?"

கடை 2: நைலான் 9,900. "சார் நம்பர் குடுங்கம்மா, நாங்க பேசிக்கிறோம்." டயர் வாங்க மீசை வேண்டும்போல. அவர் எடுத்து வைத்த டயரில் நான்கு எண்ணைப் படித்து, இது ரெண்டு வருஷம் பழசு என்றேன். அதற்கப்புறம் நாற்காலி போட்டார்.

கடை 3: ரீபட்டன் 3,200. பழைய டயர் உடம்பின்மேல் புதுப் பட்டன் ஒட்டுவது. கறுப்புப் பாலிஷ் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். புதுசு தோற்றது.

கையில் 36,000. ஆறும் நைலான் என்றால் 59,400. வண்டி ஏசி ரிப்பேருக்குத் தனியாக எடுத்து வைத்த முப்பதாயிரத்தில் கை வைக்கக்கூடாது. முன்னால் இரண்டு புதுசு, பின்னால் நான்கு ரீபட்டன்: 32,600.

கணக்கு நான் போட்டது. இவர் சொல்லவில்லை. பிறகு இவர் தலையில் கட்டாமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

மே 8, வியாழன்

டயர் மாட்டியாயிற்று. இவர் ஜெபம் சொன்னார். பிறகு சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்து நசுக்கினார். இரண்டு பக்கமும் பத்திரம்.

சாயங்காலம் ஏகாம்பரம் அண்ணா கட்டிலைப் பார்க்க வந்தார். முழம் போட்டு அளந்தார், நீளம், அகலம். அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைக்க இடம் இருக்கிறதா என்று தானே படுத்துப் பார்த்தார். இறங்கியவர் பின் டயர் அருகில் குந்தி, ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"புது டயராம்மா?"

"ஆறும் புதுசுதாண்ணா."

"இங்க ஒரு வரி ஓடுதே. உடம்பு வேற, கரை வேறயா? கோர்வைதான, ஒட்டு இல்லியே?"

நான் தறி வீட்டுப் பெண் இல்லை. பட்டுக் கடைகளில் சொல்லிக் கேட்டதுதான்: உடம்பையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து, இழைக்கு இழை பூட்டினால் கோர்வை. கோர்வைச் சேலை என்றால் அசல். வாயில் உடனே வந்தது. "கோர்வைதாண்ணா."

"அப்ப சரி. கோர்வைன்னா சேலையே கிழிஞ்சாலும் கரை பிரியாது." சிரித்தபடி சைக்கிளில் ஏறிப் போனார்.

பொய்யை அவரே எடுத்துக் கொடுத்த மாதிரி. நான் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

மே 9, வெள்ளி

தலைவலி. குழம்பில் உப்பு போட மறந்தேன். சிலிண்டர் மாற்றியாயிற்று. கட்டில் விரிப்பு துவைத்தேன், இரண்டு தடவை.

இவரிடம் சொன்னேன். "லாரிக்காரன்லாம் ரீபட்டன்லதான் ஓடிக்கினு இருக்கான். பின்னாடி நாலு இருக்குது, ஒண்ணு போனா மூணு."

"லாரியில மூட்டதாங்க இருக்குது."

வாலாஜாபாத் வரை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சாவியை எடுத்தார். நான் கட்டிலில் படுத்துக்கொண்டேன். காது தலையணையில். அடியில் சக்கரம் உறுமிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு பள்ளமும் முதுகில் விழுந்தது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பயந்து எழுந்து உட்கார்ந்தேன்.

தேவகி அக்காவால் எழுந்து உட்கார முடியாது. அது நினைவு வந்ததும் என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மே 10, சனி

காலை பத்து மணிக்குப் போன் போட்டேன். பின்னால் தறிச் சத்தம்.

"அண்ணா, அது கோர்வை இல்லீங்க. ஒட்டு. முன்னாடி ரெண்டுதான் புதுசு. பின்னாடி நாலும் பழசுமேல ஒட்டுனது."

தறி நின்றது.

"தேவகி படுக்கிறது பின்னாடிதானம்மா?"

"ஆமாண்ணா."

திட்டினால் தேவலை என்றிருந்தது. செவ்வாய்க்குள் நான்கையும் மாற்றிவிடுகிறோம், புதன் கிளம்பலாம், வேண்டாம் என்றால் அட்வான்ஸை இன்றே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். ஒட்டு டயரைக் கடை 3 பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதோடு கையில் மிஞ்சிய 3,400, ஏசிப் பணம் முழுவதும். மீதி இருநூறு ரூபாய்.

"அவ ஞாயித்துக்கெழமைன்னு வெரல் விட்டு எண்ணிக்கினு இருக்கா. நாள் சரியில்லன்னு சொல்லிக்கிறேன். டயர்னு சொன்னா வண்டியிலயே ஏறமாட்டா."

"பில்லு கொண்டாந்து காட்டறண்ணா."

"பில்லு எனக்கு எதுக்கும்மா. உன் வாய்ப்பேச்ச இன்னொரு தரம் நம்பி அவள ஏத்த மாட்டேன். நீயும் வா. கட்டில்ல, அவ பக்கத்துல உக்காரு. திருநெல்வேலி வரைக்கும்."

சரி என்றேன். போனை வைத்துவிட்டார்.

இவரிடம் சொன்னேன். ஜாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

புதனுக்கு எடுத்து வைக்க: புடவை 2, துண்டு, தலைவலி மாத்திரை. ஏசி ஓடாது. அக்காவுக்கு விசிற ஒரு பனையோலை விசிறி.