வலது சட்டத்துப் பொட்டு

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கிளப்பாமல் காபியைத் தொடாத என் அண்ணனுக்கு,

எந்தக் கடிதம் வந்தாலும் கடைசி வரியை முதலில் படிக்கிற ஆள் நீ. அதனால் கடைசியில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் லாரி தப்பித்துவிட்டது. வெட்டவில்லை, விற்கவில்லை. நம் வீட்டு முற்றத்தில் மாமரத்தடியில் எப்போதும்போல் பாதி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்பாடா என்று மூச்சுவிட்டு இன்றோடு ஒரு வாரம். இன்னும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதை ஊரறிய எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். இந்த வங்காளத்து ஊரில் நம் தமிழ்க் கடைகள் இருக்கிற லேக் மார்க்கெட்டுக்கு அப்பளம் வாங்கப் போனால் அங்கே கேட்கிறார்கள், காபித்தூள் அரைக்கப் போனால் அங்கேயும் கேட்கிறார்கள். "அண்ணாச்சி லாரி என்னாச்சும்மா?" ஒவ்வொருவரிடமும் நின்று கதை சொல்ல என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நீயும் கேட்டுக்கொள், அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பட்டாளம் கழித்துப்போட்ட ஒரு டன் லாரி அது. அண்ணி போய், உன் வங்கி வேலையும் முடிந்து, நீ ஹாலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். ஒருநாள் பானாகர் வரைக்கும் போய்வருகிறேன் என்று கிளம்பினாய். பட்டாளத்துப் பழைய வண்டிகளை விற்கிற ஊர். வேடிக்கை பார்க்கத்தான் போகிறாய் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, இன்னொரு லாரியின் பின்னால் கட்டி இழுத்தபடி இதைக் கொண்டுவந்தாய். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பின்பக்கத்துப் பலகையில் காளான் முளைத்திருந்தது.

"இது எதுக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

"ஓட வைக்கத்தான்" என்றாய்.

மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நீ அதைக் கவனிக்கவே இல்லை என்பதில் இன்னும் மூன்று நாள் பேசவில்லை.

ஆனால் சுவரைப் பார்ப்பது அன்றோடு நின்றது. இதை நான் உன்னிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது சொல்கிறேன்: அந்த வண்டி வராமலிருந்தால் அண்ணியின் பின்னாலேயே நீயும் போயிருப்பாய்.

எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கவே மூன்று வருஷம் ஆயிற்று. நீயும் நம் தெருமுனை மெக்கானிக் நிதாய்தாவும் மல்லிக் பஜாரில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, ஒருநாள் கார்புரேட்டர், ஒருநாள் பிரேக் ரப்பர் என்று கொண்டுவந்தீர்கள். சூட்டில் விரிந்தால்தான் தண்டில் ஏறும் என்று என் வடைச் சட்டியில் எண்ணெய் ஊற்றிப் பேரிங்கைக் காய்ச்சினாய். அதற்கு அப்புறம் அந்தச் சட்டியில் நான் வடை சுட்டதில்லை, நீ கேட்கவுமில்லை. பட்டாளத்துப் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்கக்கூடாது என்று சட்டம் என்றதும், "அப்போ காப்பி கலரு" என்றாய். அப்பா காபித்தூள் கடை வைத்திருந்த விசுவாசம். கீழ்ப்பாதி டிகாக்‌ஷன், மேல்பாதி பால் கலந்தது. அந்த நிறத்தில் ஒரு ராணுவ லாரி உலகத்திலேயே நம் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

இந்த ஊரில் வண்டிக்கு வருஷத்தில் இரண்டு பூஜை. புரட்டாசி பிறக்கும்போது வங்காளிகளின் விஸ்வகர்மா பூஜை. அன்றைக்கு நிதாய்தா ஸ்டீயரிங்குக்கு மாலை போட்டுவிடுவார். பிறகு வருகிற ஆயுத பூஜை என் பொறுப்பு. பானட் எனக்கு எட்டாது. எட்டுகிற இடம் ஒன்றுதான்: வலது சக்கரத்துக்கு முன்னால், பம்பரை ஒட்டி வெளியே தெரிகிற சேஸிஸ் சட்டத்தின் முனை. சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்தால் காய்ந்து உதிர்கிறது என்று விளக்கெண்ணெயில் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைப்பேன். போன வருஷப் பொட்டை எடுக்கமாட்டேன். பூஜையில் வைத்ததைச் சுரண்டக்கூடாது என்பது என் கட்சி. அதன் மேலேயே இந்த வருஷத்துப் பொட்டு.

முதல் வருஷமே நீ சொன்னாய். "ஏட்டி, அந்த எடத்துல வைக்காத. வேற எங்கயாவது வை."

"ஏன், அங்க வச்சா ஒன் வண்டிக்கு வலிக்குமோ?"

"ஒருநா நீயே தேடப் போற, பாத்துக்கோ."

எதைத் தேடப் போகிறேன் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நம் இரண்டு பேருக்கும் உள்ள வீம்பு அப்படி. பதினாறு வருஷத்தில் பதினாறு பொட்டு. போன வருஷம்தான் இல்லை. நீ ஆடியில் போய்விட்டாய், வீட்டில் பண்டிகை கிடையாது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு நீ சொன்னது இரண்டே விஷயம். "ஞாயித்துக்கெழம ஸ்டார்ட் பண்ணு. வெட்ட விட்டுராத." சரி என்றேன். அந்த ஒரு 'சரி'யைத்தான் இத்தனை மாதமாகச் சுமந்துகொண்டு அலைந்தேன்.

ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை அண்ணே. முக்காலி போட்டு ஏறி, சேலையைச் செருகிக்கொண்டு, சோக்கை இழுத்து, பெடலை இரண்டு தடவை மிதித்து, செல்ஃபை அழுத்துகிறேன். இரண்டு இருமல் இருமிவிட்டுக் கிளம்பிவிடுகிறது. பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துகிறேன். பேட்டரிக்குத் தண்ணீர் விடவும், மழைக்கு முன்னால் ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கிரீஸ் வைக்கச் சொல்லி நிதாய்தாவை நச்சரிக்கவும் பழகிவிட்டேன். எதிர்வீட்டில் புகைக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். ஆனால் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தொல்லை காகிதத்தில் வந்தது. உன் வருஷாந்திரம் முடிந்ததும், வண்டியை உன் மகள் தீபா பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்தோம். மோட்டார் வாகன அலுவலகத்தில் கேட்டது இவ்வளவுதான். சேஸிஸில் குத்தியிருக்கிற நம்பர்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து வரவேண்டும், வண்டியையும் ஓட்டிக்கொண்டுவந்து காட்டவேண்டும். அந்த அச்சும், வண்டியின் பதிவுப் புத்தகமான ப்ளூ புக்கில் உள்ள நம்பரும் ஒன்றாக இருந்தால் முடிந்தது. இல்லையென்றால் அது அடையாளமில்லாத வண்டி. ஓட்டவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. பழைய இரும்புக்காரன் வந்து வெட்டி எடுத்துப்போக வேண்டியதுதான்.

தீபா நியூ டவுனிலிருந்து வந்தாள். அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டதே கிடையாது என்பது உனக்குத் தெரியும். வங்காளிப் பிள்ளைகள் மாதிரி பிஷிதான். "பிஷி, ராக் கொரோ நா" என்று ஆரம்பித்தாள். கோபப்படாதே என்று சொல்லிக்கொண்டு ஆரம்பித்தால் கோபப்படுகிற விஷயம்தான் வரும்.

"இந்த ஒரு தடவ ட்ரை பண்ணலாம். நம்பர் கெடைக்கலேன்னா விட்டுடலாம். எத்தன நாள் அந்த ஸ்டூல்ல ஏறுவ? விழுந்தா என்ன பண்றது?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

நிதாய்தா டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். மழைக்கு முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஊர் இது. இடது சட்டத்தின் முனை கைபட்டதும் துருவாய் அடை அடையாக உரிந்தது. வலது சட்டத்தை அடியோடு துடைத்துப் பார்த்தார், நம்பர் இல்லை. கடைசியில் என் பொட்டுக்கு முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வருஷா வருஷம் பரவி, உள்ளங்கை அகலத்துக்கு, விரல் கனத்துக்கு, கறுத்துக் கெட்டியாகிக் கிடந்தது. அவர் பேசிய வங்காளத்தைத் தமிழில் சொல்கிறேன். தீதி என்றால் அக்கா.

"தீதி, நம்பர்னு ஒண்ணு இருந்தா இதுக்கு அடியிலதான் இருக்கணும். ஆனா இத்தன வருஷம் ஈரத்த அப்பி வச்சிருக்கீங்க. இரும்பு மிஞ்சியிருக்கான்னே தெரியல."

நான் அப்போதே தோசைத் திருப்பியை எடுக்கப் போனேன். தடுத்துவிட்டார். "கீறல் விழுந்தா நம்பர திருத்தியிருக்கீங்கன்னு சொல்லிடுவாங்க. தொடாதீங்க. சனிக்கெழம வந்து நானே மெதுவா எடுக்கறேன்."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அந்த நாலு நாள் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல? நீ தேடப் போகிறாய் என்றாயே, அது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்ட விடாதே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். வெட்டுவதற்கு வழிசெய்து வைத்ததே நான்தானா? ஏன் வைக்கக்கூடாது என்று ஒரே ஒருதடவை கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? உன் படத்துக்கு விளக்கேற்றும்போது உன் முகத்தைப் பார்க்காமலே ஏற்றினேன். கரியாஹாட்டில் பஸ்ஸுக்கு நின்றவள், எங்கே போகக் கிளம்பினேன் என்பது மறந்து வீட்டுக்குத் திரும்பிவந்தேன்.

சனிக்கிழமை காலையில் நிதாய்தா வந்தார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பொட்டின் மேல் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தார். பிறகு மூங்கில் சிம்பால் ஓரத்திலிருந்து நெம்பினார். ஒரு வருஷத்துக் குங்குமம், ஒரு வருஷத்துச் சந்தனம் என்று அடுக்கடுக்காக வந்தது. விளக்கெண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது. தீபா செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மாமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"தீதி, இங்க வாங்க."

போனேன். அடியில் துருவே இல்லை அண்ணே. எண்ணெய்ப் பசையோடு இரும்பு பளபளவென்று இருந்தது. அதில் ஒவ்வொரு எழுத்தும் நேற்றுக் குத்தியது போல் இருந்தது. கடைசி எண்ணில் மட்டும் குங்குமம் கெட்டியாக அடைத்துக்கொண்டு, மூன்றா எட்டா என்று தெரியவில்லை. தீபா ஓடிப்போய் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து, உட்கார்ந்து தேய்த்தாள். மூன்று. ப்ளூ புக்கிலும் மூன்று.

நிதாய்தா சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். "நாங்க கிரீஸ் அடிச்சுக் காப்பாத்துறத நீங்க சாமி பேர சொல்லி செஞ்சிருக்கீங்க தீதி. தண்ணியில கொழச்சிருந்தா இந்நேரம் தின்னுருக்கும்."

திங்கட்கிழமை அவர் ஓட்ட, நானும் தீபாவும் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, அலுவலகத்துக்குப் போனோம். சிக்னலில் போலீஸ்காரர் நம் காபிக் கலரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வழிவிட்டார். ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, நாங்கள் எடுத்த அச்சை நம்பாமல் தானே இன்னொன்று எடுத்தார். இரண்டையும் புத்தகத்தோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். "இவ்வளவு பழைய வண்டியில இவ்வளவு தெளிவா நான் பாத்ததில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் லாரியின் படியில் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியிலும் அழாதவள், நீ போனபோது காரியங்களைப் பார்க்கவேண்டும் என்று அடக்கிக்கொண்டிருந்தவள், நடுத்தெருவில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். தீபா என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ப்ளூ புக்கை வைக்க டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள் தீபா. அடியில், நீ வண்டி வேலைகளைக் குறித்துவைத்த நோட்டு இருந்தது. அவளுக்குத் தமிழ் படிக்க வராது. "அப்பா என்ன எழுதியிருக்காங்க பிஷி?" என்று நீட்டினாள். மூன்று தடவை பெயிண்ட் அடித்த விவரம் இருந்தது. மூன்று தடவையும் ஒரே வரி: 'வலது முனை விட்டாச்சு. வசந்தா பொட்டு.' மூன்றாவது தடவை அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தாய்.

'ஓரத்தில் லேசாக விலக்கிப் பார்த்தேன். நம்பர் பத்திரம். துரு இல்லை. எண்ணெய் காப்பாற்றுகிறது. அவளிடம் சொல்லவேண்டாம், தலையில் ஏறி உட்காருவாள்.'

தீபாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் சிரிப்பு வந்து, இரண்டாம் தடவை முதலிலிருந்து படிக்கவேண்டியிருந்தது. தெரிந்தே இருந்திருக்கிறாய். தெரிந்துகொண்டே அதற்குப் பிறகும் வருஷா வருஷம் "அங்க வைக்காத" என்று சொல்லியிருக்கிறாய். நான் நாலு நாள் செத்துப் பிழைத்தேனே, பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? ஆனால் நான் மட்டும் என்ன சொன்னேன்? இந்த வண்டிதான் உன்னைப் பிழைக்கவைத்தது என்று நீ இருக்கும்போது ஒருதடவை சொன்னேனா?

நேற்று ஞாயிறு, தீபா நியூ டவுனிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். முக்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளே தாவி ஏறினாள். சோக்கை அதிகம் இழுத்துவிட்டாள், மூன்று இருமல் இருமியது. பிறகு கிளம்பியது.

ஆயுத பூஜை வருகிறது. இதோ எழுதிக்கொடுக்கிறேன், பிடி. இனிமேல் ஒவ்வொரு வருஷமும் பழைய பொட்டைத் துடைத்து எடுத்து, நம்பரை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் புதுப் பொட்டு வைப்பேன். அது நீ சொன்னதற்காக. விளக்கெண்ணெயும் அந்த இடமும் மட்டும் மாறாது. நீ வேண்டுமானால் அங்கிருந்து கத்திக்கொண்டிரு.

உன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும்
தங்கை வசந்தா