பெங்களூர் போகாத மகளுக்கு

ஆத்தா சுஜிதா,

தூக்குச்சட்டியில் புளிச்சோறு இருக்கிறது. ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாய். கோபத்தை இதை எழுதும் உன் அப்பன்மேல் காட்டு, வயிற்றின்மேல் காட்டாதே.

அவன் முதல் ஜீப்பில் போடிமெட்டுக்குப் போகிறான். போன வாரம் அதே ஜீப்பில்தான், பக்கத்து ஆள் யாரென்று தெரியாமல், "எம் மக பயோகெமிஸ்ட்ரிக்காரி. பெங்களூர்க் கம்பெனிக்காரன் கூட்டிட்டுப் போயிட்டான். அவளுக்குக் குளிரு ஆகாதுன்னு ஆபீசையே வெயில் பக்கமாத் திருப்பிக் கட்டியிருக்கான்" என்று அளந்துவிட்டான். ஏலக்காயில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறதா என்று சோதிக்கும் போடிமெட்டு லேப்பின் மேனேஜர் லிங்கேஸ்வரனாம் அவர். உனக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே என்று, நீ வேலை கேட்டு எழுதியதை அன்றைக்கே ஓரமாக வைத்துவிட்டார்.

"ஏலத்தோட்டத்த வித்துப் படிக்க வச்சீங்க, அந்தப் படிப்ப ஒரே வாயில அழிச்சிட்டீங்களேப்பா" என்றாய். தோட்டம் போனபோது தூங்கியவனுக்கு நேற்றுத் தூக்கம் வரவில்லை. உன் படிப்புக்கு இந்தப் பக்கத்தில் இருந்ததே அந்த ஒரு வேலைதான்.

அந்த மேனேஜரிடம் உள்ளதைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறான். வெளியே போனால் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக் கற்பகத்திடம் கொடு.

இன்னொன்று, இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன். உன் அப்பன் உண்மையைச் சொன்னால் இந்த மலையில் எவன் நம்புவான்? சாப்பிட்டுவிட்டு, சர்டிபிகேட்டோடு அடுத்த ஜீப்பில் நீயும் வெரசா வா.